குதிரை எப்போது பேசும்?

உத்தமன் ‘மாப்ள’யாகப் புத்தகம் படித்தது சரியாகப் பதினோரு நிமிடம். பன்னிரண்டாவது நிமிடத்தில் அவன் மறுபடியும் ‘சார்’ ஆகிவிட்டான்.

“நிறுத்துங்க சார்” என்றார் மாமனார் உலகநாதன். கூடத்துக் கட்டிலில் மல்லாந்து படுத்திருந்தார். கண்புரை ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். ஆஸ்பத்திரியில் கொடுத்த கறுப்புக் கண்ணாடி பாதி முகத்தை மறைத்திருந்தது. “இன்னா படிச்சிக்கினு கீறீங்க?”

“மேகவாகனன்தான் மாமா. ‘எரிமலைச் சிம்மாசனம்’. முதல் அத்தியாயம்.”

“அது காதுல உழுது. எரிமலை எதுக்கு இப்ப வந்துச்சு? குதிரையே இன்னும் வரல. குதிரை வராம எரிமலை எப்படி சார் வரும்?”

உத்தமன் புத்தகத்தைத் திருப்பி அட்டையைப் பார்த்தான். எரிமலை இருந்தது. குதிரை இல்லை.

“எல்லாத்தையும் படிச்சிருக்கேன்னு சொன்னீங்க” என்று உலகநாதன் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். “போங்க சார், போயி டீ குடிங்க.”

இந்தச் ‘சார்’ ஒன்பது வருடத்துச் சரக்கு. சாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஆவடிப் பாதுகாப்புத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்த உத்தமன், பாரிவாக்கம் உலகநாதனின் ஒரே மகள் வித்யாவைக் காதலித்துப் பதிவுத் திருமணம் செய்துகொண்டான். உலகநாதன் கத்தவில்லை. அரிவாளைத் தேடவில்லை. தலை முழுகிவிட்டேன் என்று வசனம் பேசவில்லை. மகளையும் மருமகனையும் வீட்டுக்குள் விட்டார், இலை போட்டார், “சாப்டுங்க சார்” என்றார். அன்றிலிருந்து தலைதீபாவளிக்கு “வாங்க சார்”, பொங்கலுக்கு “ஒக்காருங்க சார்”, கிளம்பும்போது “பாத்து போங்க சார்”. திட்டியிருந்தால்கூட உத்தமன் தன்னைச் சொந்தக்காரனாக நினைத்திருப்பான். இது மின் மீட்டர் பார்க்க வந்தவருக்குக் கொடுக்கிற மரியாதை. அதுவும் வாசலோடு அனுப்புகிற மரியாதை.

கண் ஆஸ்பத்திரி ஆவடியில் இருந்ததால், இரண்டு கண்ணும் முடிகிற வரைக்கும் ஒரு மாதம் மகள் வீட்டில் தங்குவது என்று முடிவாயிற்று. குவார்ட்டர்ஸுக்கு அவர் மனைவி பஞ்சவர்ணத்தோடும் ஒரு அரிசிச் சாக்கோடும் வந்திறங்கினார். சாக்கில் அரிசி இல்லை. பதினோரு புத்தகங்கள் இருந்தன. எல்லாம் மேகவாகனன் எழுதிய மாயாஜால நாவல்கள். அஞ்சனத் தீவு என்று ஒரு தீவு, அதில் ராஜாக்கள், நாகங்கள், மந்திரவாதிகள். அம்பத்தூரில் ஷிஃப்ட் முடித்து சைக்கிளில் திரும்பும்போதெல்லாம் குமணன்சாவடிப் பழைய பேப்பர் கடையில் நின்று ஒவ்வொன்றாக வாங்கிச் சேர்த்தவை.

“மேகவாகனன் படிச்சிருக்கீங்களா சார்?” என்று முதல் நாள் சாயங்காலம் உலகநாதன் கேட்டார். ஒன்பது வருடத்தில் அவராகக் கேட்ட முதல் கேள்வி அதுதான்.

உத்தமன் டிப்ளமா புத்தகத்துக்குப் பிறகு காலண்டரைத் தவிர எதையும் படித்தவனில்லை. ஆனால் கேள்வி கேட்ட குரலில் இருந்த ஆசை அவனை ஏமாற்றிவிட்டது.

“படிச்சிருக்கேன் மாமா. எல்லாத்தையும்.”

“எல்லாத்தையுமா!” உலகநாதன் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “அப்ப எங்கேந்து ஆரம்பிக்கணும், எப்படி போவணும்னு நான் சொல்லத் தேவையில்ல. நாளைக்கு சாயங்காலத்துலேந்து நீங்களே படிச்சிக் காட்டுங்க மாப்ள.”

மாப்ள. சமையலறையில் வித்யாவின் கரண்டி ஒரு நொடி நின்று மறுபடி ஓடியது. உத்தமன் சாக்கை எட்டிப் பார்த்தான். பிறகு மெல்ல நழுவப் பார்த்தான்.

“உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியுமே மாமா? கண்ணு சரியானதும் நீங்களே...”

“தானா படிக்கிறது, தனியா சீட்டாடற மாதிரி” என்றார் உலகநாதன். “கதைன்னா ஒருத்தர் படிக்கணும், ஒருத்தர் கேக்கணும். இத்தினி வருசம் பஞ்சவர்ணம்தான் படிச்சா. நான் சோறு துன்னுகினே கேப்பேன். இப்ப அவளுக்குப் பல்லு செட்டு புதுசு. வாயத் தொறந்தா விசில் அடிக்குது. ராசா யுத்தத்துக்குக் கெளம்பறச்சே விசில் அடிச்சா நல்லாவா கீது?”

“நல்லா இருக்காதுதான்” என்று ஒப்புக்கொண்டான் உத்தமன்.

பஞ்சவர்ணம் பெரிய பாரம் இறங்கியதைப் போல ஒரு பெருமூச்சு மட்டும் விட்டாள். அதிலும் லேசாக விசில் வந்தது.

உத்தமனுக்கு ஒரு நம்பிக்கை இருந்தது. தொழிற்சாலையில் அவன் வேலையே வரிசை போடுவதுதான். ஒரு இரும்புத் துண்டு உள்ளே வந்தால், முதலில் கடைசல், பிறகு துளை, பிறகு மெருகு என்று எதற்குப் பின் எது என்பதைத் தாளில் எழுதிக் கொடுப்பான். பத்து, இருபது, முப்பது என்று நம்பர் போடுவான். நடுவில் ஏதாவது விட்டுப்போனால் பதினைந்து என்று செருகிக்கொள்ளலாம். பதினெட்டு வருடத்தில் அவன் போட்ட வரிசையில் ஒரு துண்டுகூடப் பாழானதில்லை. பதினோரு புத்தகம் என்ன பெரிய விஷயம்?

‘எரிமலைச் சிம்மாசன’த்தின் பின்பக்கம் ‘ஆசிரியரின் பிற நூல்கள்’ என்று வருடத்தோடு ஒரு பட்டியல் இருந்தது. அதில் முதலில் வந்தது எரிமலை. அதனால் அதை எடுத்தான். பதினோரு நிமிடத்தில் சார் ஆனான்.

“உங்களுக்கு எதுக்கு இந்தப் பொய்?” என்று வித்யா சமையலறையில் கேட்டாள்.

“உங்கப்பா மாப்ளன்னு சொன்னாரு, கேட்டியா இல்லியா?”

“கேட்டேன். எனக்கே அழுகை வந்துச்சு. அதுக்காக?”

“நீ சின்ன வயசுல கேட்டிருப்பியே. எது முதல்ல வரும்?”

“எனக்கெங்க கேக்க விட்டாங்க? அம்மா புக்க எடுத்தாலே ‘நீ போயி ஓம்ஒர்க் எழுது’ன்னு தொரத்திடுவாங்க. எட்டிப் பாத்தாகூட அட்டையால முதுகுல ஒண்ணு போடுவாங்க. அது அவங்க ரெண்டு பேருக்கு மட்டும்.”

மறுநாள் தொழிற்சாலைக் கேன்டீனில் உத்தமன் கவலையோடு தயிர்சாதத்தைப் பிசைவதைப் பார்த்து, பக்கத்துப் பிரிவு ஜீவா விசாரித்தான்.

“இவ்ளோதானா மச்சான்? மேகவாகனனுக்குன்னே ஒரு வாட்ஸப் குரூப் கீது. எங்க சித்தப்பா அதுல பெரிய கை. சேத்து வுடறேன், கேட்டுக்கோ.”

உத்தமன் சேர்ந்தான். பணிவாக ஒரே ஒரு வரி எழுதினான். ‘வணக்கம். மேகவாகனனை எந்த வரிசையில் படிக்க வேண்டும்?’

தேன்கூட்டில் கல்லை எறிந்துவிட்டுத் தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன் அவன் ஒருவன்தான். முதல் பதில், ‘சந்தேகமே வேண்டாம், வெளியான வரிசைதான்.’ அடுத்த நிமிடமே இன்னொருவர், ‘வெளியான வரிசையில் படிப்பவர்கள் மேகவாகனனைப் படிக்கவில்லை, அச்சகத்தைப் படிக்கிறார்கள்.’ கதை நடக்கும் காலவரிசைதான் சரி என்று அவர் கட்சி. ‘மூன்று நிழல் மந்திரவாதி’யைக் கடைசியில் படிக்க வேண்டும் என்று ஒருவர். அதைப் படிக்கவே கூடாது என்று ஒருவர். சாயங்காலச் சங்கு ஊதுவதற்குள் ஏழு பேர் குரூப்பை விட்டு வெளியேறியிருந்தார்கள். இரண்டு பேர் ஒருவர் அப்பாவை ஒருவர் இழுத்திருந்தார்கள். குரூப்பை நடத்தும் மேனாம்பேடு வீராசாமி, அதாவது ஜீவாவின் சித்தப்பா, உத்தமனுக்குத் தனியாக நாலு பக்க அட்டவணை அனுப்பினார். கதை நடக்கும் காலப்படி முதலில் ‘நாகலோகப் படிக்கட்டு’.

உத்தமன் அன்று சாயங்காலம் கைகால் கழுவி, பயபக்தியோடு நாகலோகத்தைத் திறந்தான்.

“பாப்போம்” என்றார் உலகநாதன். சாரும் இல்லை, மாப்ளயும் இல்லை. நடுவில் தொங்கவிட்டார்.

ஒன்பது பக்கம் நன்றாகவே போயிற்று. பத்தாம் பக்கத்தில் கிழட்டு நாகம் ஒன்று இளவரசன் மடியில் உயிரை விட்டது. உத்தமன் குரல் தழுதழுக்கப் படித்தான்.

“இன்னாது? செத்துப் போச்சா?”

“ஆமா மாமா.”

“மொதல்லியே பாம்பு செத்துட்டா, கல்யாணத்துல தாலி எடுத்துக் குடுக்கறது யாரு?”

“பாம்பா மாமா?”

“பின்ன நானா?” உலகநாதன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றப் போனார். பஞ்சவர்ணம் ஓடிவந்து கையைத் தட்டிவிட்டாள். “யாரு சார் ஒங்களுக்கு இந்த வரிசைய சொல்லிக் குடுத்தது? மொதல்ல குதிரை வரும். குதிரதான் எல்லாம். அது இல்லாம எதுவும் நவுராது.”

மூன்றாம் நாள் உத்தமன் வெட்கத்தை விட்டான். உலகநாதன் குறட்டை விடுகிற நேரம் பார்த்து மாமியாரிடம் போனான். பஞ்சவர்ணம் சொட்டுமருந்துக் குப்பிகளை எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். காலையில் போடும் மருந்துக்குச் சிவப்பு நூல், ராத்திரி மருந்துக்கு வெள்ளை நூல், ஆறு மணி நேரத்துக்கு ஒரு தடவை போடுவதற்கு ரப்பர் பேண்ட் என்று கட்டி வைத்திருந்தாள். உத்தமன் அசந்துபோனான். தொழிற்சாலையில் எத்தனை மீட்டிங் போட்டுச் சொல்லியும் ஆட்கள் செய்யாத காரியம். கண்ணால் பார்த்தவுடன் தெரிய வேண்டும், தப்பே நடக்கக் கூடாது!

“அத்தை, உங்ககிட்ட மறைக்கிறதுக்கு என்ன? நான் ஒரு புத்தகமும் படிச்சதில்ல.”

“தெரியும் கண்ணு” என்றாள் பஞ்சவர்ணம். விசில் வந்தது. “நீங்க புக்க புடிச்ச புடிலியே தெரிஞ்சிச்சு.”

“மாமாவுக்கு நீங்க எந்த வரிசையில படிச்சீங்க?”

அவள் ஒரு நிமிடம் யோசித்தாள். பிறகு சாக்கிலிருந்து புத்தகங்களை எடுத்துத் தரையில் பரப்பினாள்.

“மொதல்ல இந்தக் குதிர போட்டது. அப்பறம் இந்த ஏணி போட்டது. அப்பறம் தலைய விரிச்சிப் போட்டுகினு ஒரு பொம்பள நிக்கிறாளே, அது. நெருப்பு மலை கடேசிக்கு முன்னாடி.”

உத்தமன் அன்றே உட்கார்ந்து ஸ்கேல் வைத்துக் கோடு போட்டு ஒரு தாள் தயாரித்தான். பத்து, ‘வெண்கலக் குதிரை’. இருபது, ‘நாகலோகப் படிக்கட்டு’. அது ஏணி இல்லை, படிக்கட்டு, போகட்டும். முப்பது, ‘மூன்று நிழல் மந்திரவாதி’. அட்டையில் தலைவிரித்து நின்றது பெண் இல்லை, மந்திரவாதி. இப்படிப் பதினொன்றுக்கும் எழுதி, சரிபார்த்துத் தரச் சொல்லி மாமியாரிடம் நீட்டினான். பஞ்சவர்ணம் தாளைக் கையில் வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து, வெகுநேரம் பார்த்தாள்.

“அழகா கீது கண்ணு. கோடெல்லாம் எவ்ளோ நேரா கீது.”

இனி என்ன குறை? ஆறு மணிக்கு ‘வெண்கலக் குதிரை’யைத் திறந்தான். முதல் வரியிலேயே குதிரைக் குளம்படி.

“ஆங்!” உலகநாதன் தொடையைத் தட்டினார். “இதான். இப்டி வா வழிக்கு. படிங்க மாப்ள.”

உத்தமன் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக எதையும் படித்ததில்லை. ராஜாவுக்கு ஒரு குரல், சேனாதிபதிக்கு ஒரு குரல் என்று மாற்றிப் படித்தான். வித்யா கடலை உருண்டை கொண்டுவந்து வைத்தாள். இருபது நிமிடம், முப்பது நிமிடம், ஐம்பது நிமிடம். மாப்ள மேல் மாப்ள. “தண்ணி குடிச்சிட்டுப் படிங்க மாப்ள.” “ஃபேன இந்தப் பக்கம் திருப்பிக்கங்க மாப்ள.” உத்தமன் ஒவ்வொன்றையும் மனதுக்குள் முடிந்து வைத்துக்கொண்டான்.

இரண்டாவது நாள் புத்தகம் முக்கால்வாசி போயிற்று. உலகநாதன் நெளிய ஆரம்பித்தார்.

“குதிரை எப்ப பேசும்?”

“பேசலியே மாமா.”

“பேசாதா?”

“வெண்கலக் குதிரை மாமா. ராஜா ஏறி உட்கார்ந்தா பறக்குது. அவ்வளவுதான்.”

உலகநாதன் கட்டிலில் எழுந்து உட்கார்ந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார். “பக்கத்த தள்ளிட்டீங்க.”

“சத்தியமா இல்ல மாமா!”

“சீக்கிரம் முடிச்சிட்டு எந்திரிக்கலாம்னு பக்கத்த தள்ளிட்டீங்க. குதிரை பேசும் சார். ராசா புகையிலை போடறச்சே, ‘ராசாவே, ஒன் நெஞ்சு காஞ்சி போவும், வுட்டுடு’ன்னு சொல்லும். அத கேட்டுதான் நான் பீடியையே வுட்டேன். எழுபத்தொம்போதுல. என்னாண்டியே குதிரை பேசாதுன்னு சொல்றீங்க!”

சார் திரும்பி வந்துவிட்டது. இந்தத் தடவை பழைய சார் அல்ல. பழைய சாரில் அலட்சியம்தான் இருந்தது. இதில் நம்பிக்கைத் துரோகம் சேர்ந்திருந்தது.

உத்தமன் அந்தப் புத்தகத்தை வாட்டர் டேங்க் அடியில் உட்கார்ந்து மூன்று தடவை படித்தான். குதிரை கனைக்கக்கூட இல்லை. பக்க எண்களைச் சரிபார்த்தான். ஒரு தாள்கூடக் கிழியவில்லை. ஒரே ஒரு விளக்கம்தான் அவன் மூளைக்கு எட்டியது: பதிப்பு. தொழிற்சாலையில் பழைய வரைபடத்தை வைத்துக்கொண்டு புது பாகம் செய்தால் பொருந்தாது. அதே கதைதான். மாமா அந்தக் காலத்தில் கேட்டது வேறு பதிப்பு, இப்போது கையில் இருப்பது வேறு பதிப்பு. பதிப்பு பற்றித் தெரிந்தவர் ஒருவர்தான்.

சனிக்கிழமை சாயங்காலம் மேனாம்பேடு வீராசாமி ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். ஒல்லியான மனிதர். மேகவாகனனின் எல்லாப் புத்தகத்தின் முதல் பதிப்பையும் பாலிதீன் போட்டுப் பீரோவில் வைத்திருப்பவர். வந்ததும் காபியைக்கூடத் தொடாமல் சொன்னார்.

“குதிரை பேசாதுங்க ஐயா. எந்தப் பதிப்பிலும் பேசாது. நான் பதினொன்றையும் இருபத்தாறு தடவை படித்தவன்.”

“நான் நாப்பத்தாறு வருசமா கேக்கறவன்” என்றார் உலகநாதன்.

“பாம்பு தாலி எடுத்துக் குடுக்கும்னு சொன்னீங்களாமே?” என்றார் வீராசாமி.

“குடுக்கும்.”

“பாம்புக்குக் கை ஏதுங்க ஐயா?”

“வால்ல குடுக்கும்! யோவ், நீ இன்னா புக்கு படிச்சியா, இல்ல பாலிதீனத்தான் தொடச்சினு இருந்தியா?”

வீராசாமி எழுந்தார். உலகநாதனும் எழுந்தார். உத்தமன் இருவருக்கும் நடுவில் காபி டம்ளரோடு நின்றான். காபி இருவர் மேலும் சமமாகச் சிந்தியது.

“வித்யா, சாக்க எடும்மா” என்றார் உலகநாதன். குரல் உடைந்திருந்தது. “மூணாம் மனுசன வூட்டுக்குக் கூட்டியாந்து, நான் பொய்யி சொல்றேன்னு நிரூபிக்கிறாரு ஒன் வூட்டுக்காரரு. இன்னொரு கண்ண பூனமல்லியிலியே பாத்துக்கறேன். இல்ல, அது அப்டியே கெடக்கட்டும். நான் வரேன் சார். ஒங்க ஒபகாரத்துக்கு ரொம்ப தேங்க்ஸ் சார்.”

ஒரே மூச்சில் இரண்டு சார். உத்தமனுக்கு அழுகை வந்தது. வரிசையாவது மண்ணாங்கட்டியாவது, அன்றைக்கே ‘படிச்சதில்ல மாமா’ என்று சொல்லியிருந்தால் பழைய அலட்சியத்தோடாவது போயிருக்கும். இப்போது இந்த மனிதர் வாசலைத் தாண்டினால் திரும்பி வரமாட்டார். வித்யா சுவரில் சாய்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“மாமா, தப்பு என்மேலதான். எனக்குச் சரியா படிக்கத் தெரியல.”

“ஒக்காருய்யா நீ” என்று ஒரு விசில் கேட்டது.

பஞ்சவர்ணம் கையைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டே வந்தாள். கணவனின் தோளைப் பிடித்துக் கட்டிலில் உட்காரவைத்தாள். கறுப்புக் கண்ணாடியை எடுத்து அவருக்கு மாட்டினாள். சாக்கில் கைவிட்டுக் குதிரைப் புத்தகத்தை உருவினாள்.

“இன்னிக்கி நான் படிக்கறேன். விசில் வந்தா வரட்டும்.”

நடுவில் எங்கேயோ பிரித்தாள். படித்தாள். ஐயோ, என்ன படிப்பு! எட்டு திசையிலும் புழுதி. ராஜா குதிரைமேல் ஏறி, மகளைத் தேடி ஏழு கடலைத் தாண்டிப் போகிறான். காற்று வீசும் இடத்தில் விசில் தானாகவே பொருந்திக்கொண்டது. அவள் நிதானமாக ஒரு பக்கத்தைத் திருப்பினாள். உலகநாதன் மெல்லச் சாய்ந்து படுத்தார். வீராசாமி வாசல்வரை போனவர் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி வந்து தரையில் உட்கார்ந்தார்.

“‘நில்லு ராசாவே’ன்னு சொல்லிச்சு குதிரை” என்று பஞ்சவர்ணம் படித்தாள்.

“பேசிடிச்சு!” உலகநாதன் கையைக் கூப்பினார். “கேட்டுக்கய்யா, பேசிடிச்சு!”

“‘நில்லு ராசாவே. ஒம்போது வருசமா ஒன் பொண்ணு புருசன நீ ஒறவு சொல்லிக் கூப்புடல. மந்திரின்ற, பிரதானின்ற, ஆனா மருமவனேன்னு கூப்புட ஒன் வாயி வரல. ஒனக்குக் கண்ணு மங்கிப் போச்சே, ராவும் பகலும் ஒன் பக்கத்துல ஒக்காந்து வழி சொன்னவன் யாரு? அவன் மனசு நொந்தா நான் பறக்க மாட்டேன். எறங்கி நடந்து போ’ன்னு சொல்லி, றெக்கைய மடிச்சினு ஒக்காந்துடிச்சு குதிரை.”

கறுப்புக் கண்ணாடிக்கு அடியிலிருந்து ஒரு சொட்டு நீர் உலகநாதனின் காதை நோக்கி இறங்கியது. அது சொட்டுமருந்து இல்லை. அடுத்த வேளைக்கு இன்னும் நேரமிருந்தது.

“குதிரை சொன்னா சரிதான்” என்றார் அவர். தொண்டையைச் செருமிக்கொண்டார். “மாப்ள, ஒரு சொம்பு தண்ணி குடுங்க.”

உத்தமன் ஓடினான். ஓடுகிற வேகத்தில் சுவரில் இடித்துக்கொண்டான், வலிக்கவில்லை.

தண்ணீர் குடித்து முடித்து உலகநாதன் சொன்னார். “பாத்தீங்களா மாப்ள? இந்த எடத்ததான் நீங்க தள்ளிட்டீங்க.”

“ஆமாங்க” என்று வீராசாமியும் சேர்ந்துகொண்டார். அவர் முகம் வெளுத்திருந்தது. “இது தொடராக வந்தபோது இருந்த அசலாகத்தான் இருக்க வேண்டும். என்னிடம் இருப்பது வெட்டுப்பட்ட பதிப்பு. ஐயா, என்னை மன்னிச்சிருங்க. இருபத்தாறு தடவை குறைப் பிரதியைப் படிச்சிருக்கேன்.” அவர் உத்தமனை இரக்கத்தோடு பார்த்தார். “கையில தங்கத்த வெச்சுக்கிட்டு உங்களுக்குப் படிக்கத் தெரியல தம்பி.”

அந்தப் பிரதியைக் கொஞ்சம் தொட்டுப் பார்க்கலாமா என்று அவர் கையை நீட்டினார். பஞ்சவர்ணம் புத்தகத்தை மூடி இடுப்பில் இடுக்கிக்கொண்டு, “அடுப்புல பால் வெச்சிருக்கேன்” என்று உள்ளே போய்விட்டாள். வீராசாமி அங்கேயே நின்று குரூப்பில் செய்தி போட்டார். ‘அசல் பாடம் கிடைத்துவிட்டது. வரிசைச் சண்டைக்கு இன்றோடு முற்றுப்புள்ளி. நாளை ஞாயிறு காலை பத்து மணி, ஆவடி குவார்ட்டர்ஸ்.’ அவர் ஸ்கூட்டரைக் கிளப்புவதற்குள் நாற்பது பேர் வருவதாகக் கைதூக்கியிருந்தார்கள். இரண்டு பேர் செங்கல்பட்டிலிருந்து.

உத்தமன் அவசரமாகச் சமையலறைக்குப் போனான். அடுப்பில் பால் எதுவும் இல்லை. பஞ்சவர்ணம் பல் செட்டைக் கழற்றித் தண்ணீரில் போட்டுவிட்டு, புத்தகத்தால் விசிறிக்கொண்டிருந்தாள்.

“அத்தை, அந்தக் கடைசி இடம் நீங்களா எனக்காகச் சேர்த்தது. அது எனக்குத் தெரியுது. அதுக்கு நான் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல” என்றான். “ஆனா மிச்சத்த நாளைக்கு நாப்பது பேர் முன்னாடி நான்தான் படிக்கணுமாம், மாமா சொல்லிட்டாரு. மாப்ள படிப்பாருன்னு சொல்லிட்டாரு. நான் மூணு தடவை படிச்சும் என் கண்ணுல படாத அந்தப் பக்கத்த மட்டும் காட்டிருங்க. அடையாளம் வெச்சுக்கறேன்.”

பஞ்சவர்ணம் கூடத்தை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். புத்தகத்தை அவன் கையில் கொடுத்து, அவன் காதருகில் வந்தாள்.

“எந்தப் பக்கத்த கண்ணு காட்டுவேன்? எட்டாவது படிச்ச பொண்ணுன்னு பொய்யி சொல்லி கட்டிக் குடுத்துட்டாரு எங்கப்பா. நாப்பத்தாறு வருசமா அட்டைப் படத்தப் பாத்துதான் படிச்சிக்கினு கீறேன்.”